ஒரே கணக்கில் இரண்டு வீடுகள்: ஹோம்ஸ்டே வருமானமும் வரியும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வரி ஆலோசகர்களாகிய எங்களிடம் வந்த ஒரு தாய், மகன் வழக்கு இது. சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்ள வசதியாகச் சீராக்கப்பட்டவை.

பின்னணி

தாய் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 64. கொடைக்கானலில் சொந்த வீடு. பத்திரமும் அவர் பெயரில்தான். கணவர் மறைந்த பிறகு மாடியில் இருந்த இரண்டு அறைகள் பூட்டியே கிடந்தன. பெங்களூருவில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகன், 2022 டிசம்பரில் அந்த அறைகளை ஒரு முன்பதிவுத் தளத்தில் பதிவு செய்தார். கணக்கு மகன் பெயரில், பான் எண் மகனுடையது, வங்கிக் கணக்கும் மகனுடையது. "அம்மாவுக்கு ஆப் எல்லாம் பழக்கமில்லை, அதனால்தான்" என்பது அவர் சொன்ன காரணம். இப்படித் தொடங்கும் வீடுகள் ஏராளம்.

2023இல் மகன் கோயம்புத்தூரில் தமக்கிருந்த ஃபிளாட்டையும் அதே கணக்கில் சேர்த்தார். அதற்கு வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. பயிற்சிக்காகவோ திட்டப்பணிக்காகவோ வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கிப் போனவர்கள்.

மாதாமாதம் மகனின் வங்கிக் கணக்கில் பணம் விழும். ஃபிளாட் வாடகையைத் தாம் வைத்துக்கொண்டு, அறைகளுக்கு வந்ததை அப்படியே தாய்க்கு அனுப்பிவிடுவார். இருவரும் ஆண்டுதோறும் ஐடிஆர்-1 என்ற எளிய படிவத்தில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தார்கள்: அவர் சம்பளத்தை மட்டும், இவர் ஓய்வூதியத்தை மட்டும். மறைக்கும் எண்ணம் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. மகன் அதைத் தாயின் பணம் என்று நினைத்தார். தாயோ, மகனின் கணக்கில் வருவது மகனுடைய வரி விவகாரம் என்று நினைத்தார். இருவருக்கும் நடுவில் வருமானம் கேட்பாரற்று நின்றது.

எங்களிடம் வந்தபோது

2025 அக்டோபரில் வருமான வரித் துறையிடமிருந்து மகனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 2023-24 நிதியாண்டின் ரிட்டர்னும் துறையிடம் உள்ள தகவல்களும் பொருந்தவில்லை, சரிபார்க்கவும் என்று அதில் இருந்தது. ஒருவரைப் பற்றித் துறையிடம் உள்ள வருமானத் தகவல்களைத் தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தால், பிரிவு 194-ஓ என்ற தலைப்பின் கீழ் 7,84,000 ரூபாய். அதன் மீது 1 சதவீதம், அதாவது 7,840 ரூபாய், டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கப்படும் வரி) பிடிக்கப்பட்டிருந்தது.

இந்தப் பிரிவு 2020 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. இணையத் தளத்தின் வழியாக விற்பவருக்கோ சேவை தருபவருக்கோ பணம் தரும்போது தளமே வரி பிடித்துச் செலுத்த வேண்டும். தனிநபரின் ஆண்டு மொத்தத் தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாமல், பான் அல்லது ஆதார் எண்ணும் கொடுக்கப்பட்டிருந்தால் பிடித்தம் கிடையாது. முதல் சில மாதங்கள் சத்தமில்லாமல் கடந்ததற்கு அதுவே காரணம். பிடித்தம் இல்லாததை வரி இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மகனின் முதல் குழப்பம் தொகையைப் பற்றியது. "என் கணக்கில் 7,48,406 ரூபாய்தான் வந்தது. மீதி எங்கே?" என்று கேட்டார். தளத்தின் சேவைக் கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் சேர்ந்து 27,754 ரூபாய், டிடிஎஸ் 7,840 ரூபாய். இரண்டும் போக மீதிதான் வங்கிக்கு வந்தது. துறையின் பார்வையில் வரவு என்பது விருந்தினர் அறைக்குக் கொடுத்த முழுத் தொகை. வங்கிப் புத்தகத்தை வைத்து வருமானம் எழுதுபவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

அடுத்து அவரே ஒரு தீர்வும் சொன்னார்: முழுத் தொகையையும் தம் ரிட்டர்னில் 'இதர வருமானம்' என்று சேர்த்து, கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். அவர் 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவர். செஸ் (வரியின் மேல் விதிக்கப்படும் கூடுதல் தொகை) சேர்த்து வரி மட்டும் 2,44,608 ரூபாய். அதற்கு மேல் வட்டியும் கூடுதல் வரியும். பயத்தில் எடுக்கப்படும் முடிவு இப்படித்தான் இருக்கும். இரண்டு நாட்கள் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, கொடைக்கானல் வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று விசாரித்தோம்.

நாங்கள் பார்த்தவை

தளத்திலிருந்து வீடு வாரியான வரவு அறிக்கையை இறக்கினோம். 2023-24இல் கொடைக்கானல் அறைகளுக்கு 5,92,000 ரூபாய், கோவை ஃபிளாட்டுக்கு எட்டு மாதங்களுக்கு 1,92,000 ரூபாய். ஏஐஎஸ் இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை.

தாயிடம் ஒரு பெரிய பதிவேடு இருந்தது. வந்தவர் பெயர், ஊர், வந்த நாள், போன நாள், சிற்றுண்டி வேண்டுமா, குழந்தை உண்டா என்று தலைமையாசிரியைக்கே உரிய கையெழுத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருந்த படிவம் சி விவரங்களையும் அவரே சேகரித்து மகனுக்கு அனுப்பியிருந்தார். வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளம், காஸ் சிலிண்டர், சலவை, பால் கணக்கு எல்லாம் வேறொரு நோட்டில். எங்கள் அனுபவத்தில் இவ்வளவு நல்ல ஆவணத்தோடு வந்த வீட்டுக்காரர்கள் மிகக் குறைவு.

"டீச்சர், அவர்கள் உங்களுக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "அறைக்குத்தான் தம்பி. ஆனால் வெந்நீர் வரவில்லை என்றால் இரவு பதினோரு மணிக்கு என்னைத்தான் எழுப்புவார்கள்" என்றார். வழக்கின் மையம் அந்தப் பதிலில் இருந்தது.

முதல் முடிவு: வருமானம் யாருடையது?

இதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அறைகள் தாயின் சொத்து. அவற்றை நடத்துபவரும் அவர். பணமும் மாதந்தோறும் அவரிடமே போயிருக்கிறது. வீட்டுச் சொத்து வருமானம் என்று எடுத்தால் உரிமையாளருக்கே வரி, தொழில் வருமானம் என்று எடுத்தால் தொழிலை நடத்துபவருக்கே வரி. எந்த வழியில் போனாலும் தாய்தான். மகனின் வங்கிக் கணக்கு ஒரு வாய்க்கால், அவ்வளவே. அவர் அனுப்பிய தொகைகள் அறைகளுக்கு வந்த தொகைகளோடு ரூபாய் சுத்தமாகப் பொருந்தியதால் இதை நிறுவ முடிந்தது. இடையில் அவர் கொஞ்சம் எடுத்துச் செலவழித்திருந்தால் வாதம் இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

ஃபிளாட் மகனுடையது. அதன் வருமானமும் அவருடையதே.

இரண்டாவது முடிவு: எந்தத் தலைப்பு?

வருமானத்தை எந்த வகையில் (சட்டத்தின் சொல்லில் 'தலைப்பு') சேர்ப்பது? நேரம் எடுத்தது இதற்குத்தான். தாயின் 5,92,000 ரூபாய்க்கு மூன்று வெவ்வேறு எண்கள் சாத்தியமாக இருந்தன.

வீட்டுச் சொத்து வருமானம் என்றால், செலுத்திய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு. வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, தளத்தின் கட்டணத்தைக்கூட. கணக்கை எளிமையாக்கச் சொத்து வரியை விட்டுவிட்டால், வரிக்குரியது 4,14,400 ரூபாய்.

தொழில் வருமானம் என்று எடுத்து, வரவில் ஒரு விகிதத்தையே லாபமாக எடுத்துக்கொள்ளும், சிறு தொழில்களுக்கான பிரிவு 44ஏடி உத்தேச முறையில் குறைந்தபட்ச விகிதத்தைக் காட்டினால், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம்: 35,520 ரூபாய்.

நோட்டுகளின்படி உண்மையான லாபம்: தளக் கட்டணம் 20,957, உணவுப் பொருட்கள் 58,000, வேலைப் பெண்ணின் சம்பளம் 1,08,000, மின்சாரம், காஸ், சலவை 62,000, விரிப்புகளும் பழுதுபார்ப்பும் 47,000 போக, 2,96,043 ரூபாய்.

ஒரே வருமானம் முப்பத்தைந்தாயிரமாகவும் நாலு லட்சமாகவும் மாறி நிற்கிறது என்றால், எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்றமும் அதைக் கவனித்தது. 2024ஆம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் பிரிவு 28இல் 'விளக்கம் 3' என்ற ஒன்றைச் சேர்த்தது. உரிமையாளர் குடியிருப்பு வீட்டையோ அதன் பகுதியையோ வாடகைக்கு விட்டுப் பெறும் வருமானம் தொழில் தலைப்பில் வராது, வீட்டுச் சொத்து தலைப்பில்தான் வரும் என்கிறது அது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, இது பொருந்தும்.

அப்படியானால் ஹோம்ஸ்டே நடத்துபவர் அனைவரும் வீட்டுச் சொத்துக்குள் அடங்கிவிட்டார்களா? எங்கள் கருத்து, இல்லை. அந்த விளக்கம் பேசுவது வாடகைக்கு விடுவதைப் பற்றி. வாடகைக்கு விடும்போது வீட்டின் அனுபவ உரிமை குடியிருப்பவரிடம் போகிறது. இங்கே போகவில்லை. தாய் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்கிறார், வாசல் சாவி அவரிடம், தினக் கட்டணம், சிற்றுண்டி கட்டணத்துக்குள் அடக்கம், விரிப்பு மாற்றுவதும் அறை பெருக்குவதும் அவர் பொறுப்பு. தவிர, உரிமையாளர் தம் தொழிலுக்காகப் பயன்படுத்தும் பகுதியைப் பிரிவு 22 வீட்டுச் சொத்து தலைப்பிலிருந்து விலக்குகிறது.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை தந்ததில்லை. சுல்தான் பிரதர்ஸ் வழக்கிலும், பின்னர் 2015இல் சென்னை பிராபர்ட்டீஸ் வழக்கிலும், சொத்தின் பலனை உரிமையாளராக அனுபவிக்கிறாரா, தொழிலாக நடத்துகிறாரா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்தே உச்ச நீதிமன்றம் பார்த்தது. இரண்டும் நிறுவனங்களின் வழக்குகள். மாடியில் இரண்டு அறை வைத்திருக்கும் ஓய்வூதியருக்கு அவற்றை அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே தொழில் வருமானம் என்று முடிவு செய்தோம். ஆனால் 6 சதவீதத்தைக் காட்ட மறுத்துவிட்டோம். 44ஏடி அந்த விகிதத்துக்கு மேலும் லாபம் காட்ட இடம் தருகிறது. கையில் நோட்டு இருக்கிறது, லாபம் பாதி என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகு 6 சதவீதம் என்று கையெழுத்திட எங்களுக்கு மனம் வரவில்லை. துறை நாளை தலைப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பினாலும், உண்மையான லாபத்தைக் காட்டியவரின் நிலை வேறு. மகன் இதை முதலில் ஏற்கவில்லை. 6 சதவீதம் என்றால் தாய்க்கு வரியே இல்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்கில் தவறில்லை: நிலைக்கழிவு (ஓய்வூதியத்தில் கிடைக்கும் நிலையான கழிவு) போக ஓய்வூதியம் 4,90,000, அதோடு 35,520, புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்கான 7 லட்சம் தள்ளுபடி வரம்புக்குள் (அதுவரை வரி முழுவதும் தள்ளுபடி) அடங்கிவிடும். முடிவைத் தாய் எடுத்தார். "நோட்டில் இருப்பதையே எழுதுங்கள்" என்றார்.

ஃபிளாட்டுக்கு அதே கேள்வியைக் கேட்டபோது விடை எதிர்ப்பக்கம் விழுந்தது. சாவியைக் கொடுத்துவிட்டால் மகனுக்கு அங்கே வேலை இல்லை. சமையல், துப்புரவு, மின் கட்டணம் எல்லாம் தங்குபவருடையது. அது வாடகை, வீட்டுச் சொத்து வருமானம். இரண்டு கட்டிலும் ஒரு அலமாரியும் இருந்ததால் 'இதர வருமானம்' தலைப்புக்குப் போகுமா என்றும் யோசித்தோம். தங்கியவர்கள் வீட்டுக்காக வந்தார்கள், கட்டிலுக்காக வரவில்லை; அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

தாக்கல் செய்தவை

2022-23இல் நடந்தது நான்கு மாதங்கள் மட்டும். அறைகளின் லாபத்தைச் சேர்த்தும், கழிவுகளுக்குப் பின் தாயின் வருமானம் 5 லட்சத்தைத் தாண்டவில்லை. கட்ட வேண்டிய வரி இல்லாததால் தாக்கல் எதுவும் செய்யாமல், கணக்கீட்டைக் கோப்பில் வைத்தோம்.

2023-24க்குத் திருத்திய ரிட்டர்னின் காலம் முடிந்திருந்தது. எஞ்சியது, காலம் கடந்த பிறகு கூடுதல் வரியோடு தாக்கல் செய்யும் ஐடிஆர்-யு எனப்படும் புதுப்பித்த ரிட்டர்ன். தாயின் வருமானம் 7,86,040, வரி செஸ்ஸுடன் 34,948 ரூபாய். இங்கே அவர் எதிர்பாராத ஒன்று இருந்தது. 60 வயது நிறைந்தவர்களுக்குத் தொழில் வருமானம் இல்லையென்றால் முன்கூட்டிய வரி (நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வரி) கட்டும் கடமை கிடையாது. தொழில் வருமானம் என்று சொன்ன கணமே அந்தச் சலுகை போய்விட்டது. 2025 டிசம்பரில் தாக்கல் செய்தபோது, முன்கூட்டிய வரி கட்டாததற்கான பிரிவு 234பி, 234சி வட்டி சுமார் 7,678. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் என்பதால், வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல் வரி. ஆக மொத்தம் ஏறக்குறைய 53,280 ரூபாய்.

ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுச் சொத்து வழியையும் கணக்கிட்டோம். வரி 47,486, முன்கூட்டிய வரிக் கடமை இல்லாததால் அந்த வட்டி இல்லை, கூடுதல் வரியுடன் 59,357. இத்தனை நாள் விவாதித்த இரண்டு தலைப்புகளுக்கும் இடையில் கடைசியில் நின்றது ஆறாயிரம் ரூபாய்தான்.

மகனின் 2023-24 இன்னும் விசித்திரம். ஃபிளாட் வாடகையில் சொத்து வரியும் 30 சதவீதமும் போக 1,31,600. வீட்டுக் கடன் வட்டி 1,46,000. மிஞ்சியது நஷ்டம். புதிய முறையில் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, வரியும் கூடவில்லை. வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் பெறவோ ஐடிஆர்-யு தாக்கல் செய்ய முடியாது. எனவே ஏஐஎஸ் பக்கத்தில், பெரும்பகுதி வேறொரு பான் எண்ணுக்கு உரியது என்று பின்னூட்டம் கொடுத்து, வீடு வாரியான பிரிவினையைக் கோப்பில் வைத்ததோடு நிறுத்தினோம்.

2024-25க்கு நல்ல வேளையாக டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. இருவரும் திருத்திய ரிட்டர்ன் தாக்கல் செய்தார்கள். தாயின் அறைகளுக்கு வரவு 6,70,000, லாபம் 3,21,000. வரியும் வட்டியும் சேர்த்து ஏறக்குறைய 35,460 ரூபாய். கூடுதல் வரி இல்லை. மகனுக்கு ஃபிளாட் வழியில் 27,200 ரூபாய் வருமானம் சேர்ந்தது.

டிடிஎஸ்ஸில் இழப்பு ஏற்பட்டது. தாயின் வரவு மீது 2023-24இல் 5,920 ரூபாயும், 2024-25இல் 4,540 ரூபாயும் மகனின் பான் எண்ணில் பிடிக்கப்பட்டிருந்தன. இரண்டாம் ஆண்டில் தொகை குறைந்ததற்குக் காரணம், 2024 அக்டோபர் 1 முதல் விகிதம் 0.1 சதவீதமாக இறங்கியதுதான். வருமானம் இன்னொருவருடையது என்றால் பிடிக்கப்பட்ட வரியை அவர் பெயரில் கோர விதி 37பிஏ வழி தருகிறது. ஆனால் அதற்கான உறுதிமொழியை வரி பிடிப்பவரிடம் கொடுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. 10,460 ரூபாயை விட்டுவிட்டோம்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டார்கள். வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் பதிவு தேவைப்படவில்லை. பதிவில்லாதவர்களின் தங்குமிடச் சேவைக்கு வரி செலுத்தும் பொறுப்பு தளத்துடையது.

பிறகு நடந்தவை

கொடைக்கானல் அறைகள் இப்போது தாயின் பெயரில், அவருடைய பான் எண்ணிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கின்றன. புதுக் கணக்கு தொடங்கியதால் பழைய விருந்தினர் மதிப்புரைகள் போய்விட்டன. வரி கட்டியதைவிட மகனுக்கு அதுதான் வருத்தம். 2025-26இல் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டதால், தாயின் மொத்த வருமானத்துக்கு வரி வராது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய ஆண்டிலேயே வரி இல்லாமல் போனதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ரிட்டர்ன் மட்டும், உத்தேச முறைக்கான ஐடிஆர்-4 படிவத்தில் தொடரும்.

மீண்டும் செய்தால்

முதல் நாளே இரண்டு வீடுகளையும் உரிமையாளர் வாரியாகத் தனித்தனிக் கணக்காகப் பிரிக்கச் சொல்லியிருப்போம். கால் மணி நேர வேலை அது. 2025 ஜனவரிக்கு முன்பே எங்களிடம் வந்திருந்தால் 2023-24க்கும் திருத்திய ரிட்டர்னே போதுமாக இருந்திருக்கும். 25 சதவீதக் கூடுதல் வரி மிச்சம்.

எங்கள் தரப்பிலும் ஒரு தாமதம் உண்டு. 44ஏடி வழியில் போனால், கேட்காவிட்டாலும் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே சட்டம் கருதும். தொழிலுக்குப் பயன்பட்ட மாடிப் பகுதியை நாளை விற்றால், எத்தனை ஆண்டு கழித்து விற்றாலும், பிரிவு 50இன்படி அந்தப் பகுதியின் லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம் என்று துறை வாதிடலாம். இதைத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தாயிடம் சொல்லியிருக்க வேண்டும். தாக்கல் செய்த பிறகுதான் எழுத்தில் கொடுத்தோம். வாசித்துவிட்டு, "நான் இருக்கும்வரை விற்க மாட்டேன்" என்றார். அந்தத் தாளைத் தம் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார், மகன் பார்ப்பதற்காக.